நிக்கான் டி750 கேமராவிலிருந்து எங்கே போவது? ஏ7-5, ஆர்6 மார்க் 3 அறிவிப்புகளை ஒட்டி ஒரு கேள்வி

தெம்பனிஸ் நிழல் 2025 டிசம்பரில் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 2025 நவம்பர் 6ஆம் தேதி கேனன் ஆர்6 மார்க் 3 கேமராவையும், டிசம்பர் 2ஆம் தேதி சோனி ஏ7 வரிசையின் ஐந்தாம் பதிப்பையும் (ஏ7-5) அறிவித்தார்கள். அன்றிலிருந்து என்னோடு வேலைக்கு வரும் நண்பர்கள் ஆளுக்கொரு பக்கமாக என்னை இழுக்கிறார்கள்.

வார நாள்களில் எனக்கு அலுவலக வேலை. வார இறுதிகளில் திருமணம், காதணி விழா, பரதநாட்டிய அரங்கேற்றம் ஆகியவற்றைப் படம் எடுக்கிறேன். தைப்பூசத்தன்று மட்டும் கூலி எதுவும் இல்லாமல், சொந்த ஆசைக்காகச் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நிற்பேன். கையில் இருப்பது 2014இல் வந்த நிக்கான் டி750. அதோடு 24-70 எஃப் 2.8 ஜி, 70-200 எஃப் 2.8 விஆர் 2, 85 எஃப் 1.8 டி என மூன்று லென்ஸ்கள் உள்ளன.

டி750 இன்னும் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அதன் 51 குவியப் புள்ளிகளும் சட்டகத்தின் நடுவிலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால், மணப்பெண்ணை ஓரத்தில் வைத்து எடுக்க வேண்டுமென்றால் முதலில் நடுவில் ஃபோகஸ் செய்து, பிறகு கேமராவைத் திருப்ப வேண்டியிருக்கிறது. லென்ஸின் திறப்பை எஃப் 1.8 என்று முழுதாகத் திறந்துவைத்து அப்படித் திருப்பும்போது கண்ணில் இருந்த கூர்மை காது ஜிமிக்கிக்குப் போய்விடுகிறது. இரண்டாவது தொல்லை, ஷட்டர் சத்தம். அரங்கேற்றத்தில் மெதுவான அபிநயப் பாடலான பதம் ஆடும் நேரத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வினாடிக்கு 30 படம், 40 படம் என்று இப்போது அறிவிப்பதெல்லாம் என்னைப் போன்றவருக்கு எந்த அளவுக்குப் பயன்படும்? நிறுவனம் மாறுவது நல்லதா, நிக்கானிலேயே இருப்பதா? ஒரு பாடியும் ஒரு லென்ஸும் வாங்கும் அளவுக்குத்தான் பணம் இருக்கிறது. 2026 பிப்ரவரி 1ஆம் தேதி தைப்பூசம். அதற்குள் வாங்கிப் பழகிவிட வேண்டும் என்பது எண்ணம்.

—

ஒளிக்கீற்று எழுதியது:

வினாடிக்கு எத்தனை படம் என்பதை ஒதுக்கிவிட்டு, படத்தைப் பதியும் சில்லான சென்சாரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பாருங்கள். உங்களுக்குச் சத்தமில்லாத ஷட்டர் வேண்டும் என்றால் இந்த ஒரு விவரம்தான் முதன்மையானது. அதை அறிவிப்பில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

சத்தமில்லாத ஷட்டர் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர்தான். பெரும்பாலான கேமராக்களில் அதில் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் பதிவாவதில்லை. வரிசை வரிசையாகப் படிக்கப்படுகிறது. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை, அதாவது 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை, மங்கிப் பிரகாசிக்கின்றன. சென்சாரைப் படிக்க 1/20 வினாடி, அதாவது 50 மில்லி வினாடி ஆகும் கேமராவில், அந்த நேரத்துக்குள் விளக்கு ஐந்து முறை மங்கி எழுந்துவிடும். வேகமான ஷட்டர் வைத்து எடுத்தால் படத்தின் குறுக்கே ஐந்து பட்டைகள் விழும். திருமண மண்டபத்தில் இதை நேரில் பார்த்திருப்பீர்கள்: அரக்குப் பட்டுச் சேலையில் ஒரு பட்டை சரியான நிறத்தில் இருக்கும், அடுத்தது சற்றே இருண்டு ஊதா கலந்திருக்கும், அதற்கடுத்தது மறுபடி சரியாக இருக்கும். வெள்ளைச் சுவரில் விழுந்த பட்டையைக்கூடக் கணினியில் ஓரளவு துடைத்துவிடலாம். முகத்திலும் சரிகையிலும் விழுந்ததை எளிதில் துடைக்க முடியாது.

நிக்கான் இசட்6-3-ஐ 2024 ஜூன் மாதம் அறிவித்தபோது 'பகுதி அடுக்கு' சென்சார் (வேகமாகப் படிப்பதற்கான மின்சுற்றை ஒரு பகுதியில் மட்டும் அடுக்கியது) என்று பேசப்பட்டது இதற்காகத்தான். அது ஏறத்தாழ 1/70 வினாடியில் படித்து முடிக்கிறது, அதாவது சுமார் 14 மில்லி வினாடி. ஐந்து பட்டை விழ வேண்டிய இடத்தில் ஒன்றரைதான் விழும். இப்போது வந்திருக்கும் ஏ7-5-உம் 33 மெகாபிக்சல் பகுதி அடுக்கு சென்சாரையே வைத்திருக்கிறது. முந்தைய பதிப்பைவிட ஏறத்தாழ 4.5 மடங்கு வேகமாகப் படிக்கும் என்று சோனி சொல்கிறது. முந்தைய ஏ7-4 இந்த விஷயத்தில் மிக மந்தமாக இருந்ததால் இது பெரிய முன்னேற்றமே. ஆர்6 மார்க் 3-இன் 32.5 மெகாபிக்சல் சென்சார் அடுக்கு வகை இல்லை. ஆயினும் வினாடிக்கு 40 படம் எடுக்கிறது என்றால் ஒவ்வொன்றையும் 1/40 வினாடிக்குள் படித்தாக வேண்டும் அல்லவா? ஆகவே அதுவும் மந்தமானது அன்று.

இந்த வேகம் இலவசமாகக் கிடைப்பதில்லை. இசட்6-3-இல் குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறனில்) எடுத்த படத்தின் நிழல் பகுதிகளைக் கணினியில் பிரகாசமாக்கினால் முந்தைய இசட்6-2-ஐவிடக் கூடுதலாகப் புள்ளிகள் தெரியும். நண்பகலில் கோபுரத்தை எடுப்பவர் இதற்காக வருந்தலாம். ஐஎஸ்ஓ 3200-இல் கல்யாணம் எடுப்பவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஏ7-5 இருளிலிருந்து வெளிச்சம் வரை பதியும் வீச்சு 16 ஸ்டாப் என்று சோனி சொல்வதும், திரை அசையும் மெக்கானிக்கல் ஷட்டருக்கான கணக்குதான் என்பதை நினைவில் வையுங்கள்.

மேடைக்குப் பின்னால் மாட்டும் எல்இடி திரை வேறு கதை. அது வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடிப்பதால், வரிசை வரிசையாகப் படிக்கும் எந்தக் கேமராவிலும் மெல்லிய கோடுகள் வரலாம். இப்போதைய பல கேமராக்களில் ஷட்டர் வேகத்தைத் தசமப் புள்ளி வரை நுணுக்கமாகத் திருகி, கோடு மறையும் இடத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறது. ஒளிக்கலைஞர் திரையின் பிரகாசத்தை மாற்றினால் சில நேரம் மறுபடி திருக வேண்டி வரும். பட்டையே வேண்டாம் என்பவருக்குச் சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் பதியும் சோனி ஏ9-3 உண்டு. அதன் விலையைக் கேட்டால் கல்யாண வீட்டார் கொடுக்கும் முன்பணம் ஞாபகத்துக்கு வந்து சிரிப்புத்தான் வரும்.

என் பரிந்துரை, நிக்கானிலேயே இருந்து இசட்6-3 வாங்குங்கள் என்பதுதான். வந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டதால் விலையும் இறங்கியிருக்கிறது.

—

மர நிழல் எழுதியது:

பாடியைப் பற்றியே பேசினால் எப்படி? லென்ஸ் அறிவிப்புகளையும் பாருங்கள். எனக்கு ஈர்ப்பாகத் தெரிவது அவைதான்.

கேனன் ஆர்6 மார்க் 3-உடன் 45 எஃப் 1.2 எஸ்டிஎம் என்ற லென்ஸையும் அறிவித்தார்கள். எஃப் 1.2 லென்ஸ் வெறும் 346 கிராம். அமெரிக்காவில் அறிமுக விலை 500 டாலருக்கும் கீழே. இதற்கு முன் கேனனின் ஆர்எஃப் பொருத்தியில் (லென்ஸ் மாட்டும் அமைப்பில்) எஃப் 1.2 என்றாலே ஒரு கிலோவை நெருங்கும், விலையும் பல மடங்கு. முழுதாகத் திறந்தால் கூர்மை சற்றுக் குறைவு, ஒளிரும் விளிம்புகளில் பச்சையும் ஊதாவும் தெரியும். குத்துவிளக்கு வெளிச்சத்தில் பெண்ணின் முகத்தை எடுப்பவர் அந்த மென்மையை விரும்பவும் கூடும். கேனனில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. சிக்மா, டாம்ரான் போன்றவர்களுக்கு 2024இல் கதவைத் திறந்தார்கள்தான், ஆனால் சிறிய சென்சார் கேமராக்களுக்கான தானியங்கி ஃபோகஸ் லென்ஸ்களுக்கு மட்டுமே. முழுச்சட்டக (பெரிய சென்சார்) கேமரா வாங்கினால், நடுத்தர விலையில் எஃப் 2.8 ஜூம் தேடுகிறவருக்குக் கேனன் கடையைத் தவிர வேறு கடை அதிகம் இல்லை.

சோனியில் இதற்கு நேர்மாறு. சிக்மாவின் 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு, டாம்ரானின் 35-150 எஃப் 2-2.8 என்று தேர்ந்தெடுக்க நிறைய உண்டு. சோனியே 2024 நவம்பரில் கொண்டுவந்த 28-70 எஃப் 2 ஜிஎம் 918 கிராம்தான். கேனன் 2018இல் கொண்டுவந்த அதே அளவு லென்ஸ் 1,430 கிராம். ஆனால் மற்ற நிறுவன லென்ஸைப் பொருத்தினால் சோனி வேகமான பாடிகளில் தொடர்படத்தை வினாடிக்கு 15 என்று நிறுத்திவிடுகிறது. 30 படம் என்று விளம்பரம் பார்த்து வாங்கி, சிக்மா லென்ஸ் மாட்டுபவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். மாலை மாற்றுவதற்கு 15 போதும் என்பது வேறு விஷயம். 30-இல் எடுத்தால் மறுநாள் உட்கார்ந்து பொறுக்குவது யார்?

உங்கள் 85 எஃப் 1.8 டி லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் உள்ளே மோட்டார் கிடையாது. டி750 பாடியில் இருக்கும் திருகுதான் அதைச் சுழற்றுகிறது. பழைய லென்ஸ்களை இசட் கேமராக்களில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் இணைப்பியில் அந்தத் திருகு இல்லை. எனவே இசட் கேமராவில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 24-70-உம் 70-200-உம் உள்ளேயே மோட்டார் கொண்ட ஏஎஃப்-எஸ் வகை என்பதால் அவை தானாக ஃபோகஸ் செய்யும்.

—

தெம்பனிஸ் நிழல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. 85 பற்றிய செய்தி எனக்குப் புதிது. நான் அதிகம் பயன்படுத்துவதே அதைத்தான். அப்படியானால் நிக்கானில் தொடர்வதால் எனக்குக் கிடைப்பது இரண்டு லென்ஸ்கள் மட்டும்தானா? அவற்றை இணைப்பியோடு தைப்பூசத்தன்று தூக்கிக்கொண்டு நடப்பதில் சுமை குறையுமா? தோள்வலிக்காகவே மாறலாம் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

—

பழைய ஃபிலிம்காரர் எழுதியது:

தம்பி, சுமைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். டி750 மின்கலத்தோடு 840 கிராம், உங்கள் 24-70 ஜி 900 கிராம், மொத்தம் 1,740. நிக்கானின் இன்னொரு புதிய கேமராவான இசட்5-2 மின்கலத்தோடு 700, எஃப்டிஇசட் இரண்டாம் பதிப்பு 125, அதே 24-70 ஜி 900 என்றால் 1,725. இவ்வளவு பணம் போட்டு 15 கிராம் மிச்சப்படுத்துவீர்கள். போதாக்குறைக்கு லென்ஸ் முன்னால் நீண்டு, மணிக்கட்டை இழுக்கும். நிக்கான் 2025 ஆகஸ்ட் மாதம் அறிவித்த 24-70 எஃப் 2.8 எஸ் இரண்டாம் பதிப்பு 675 கிராம். ஜூம் செய்தால் நீளாது. அதை இசட்5-2-இல் நேரே மாட்டினால் 1,375. தோளுக்குத் தெரியும் வித்தியாசம் இதுதான். ஆகவே, பழைய லென்ஸ்களைக் காப்பாற்றுவதற்காக இணைப்பி வாங்குவது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

நான் சொல்வது இது. 2025 ஏப்ரலில் வந்த இசட்5-2-ஐயும் அந்தப் புதிய 24-70-ஐயும் வாங்குங்கள். டி750-ஐ விற்காதீர்கள். 70-200-உம் 85-உம் அதிலேயே இருக்கட்டும். அவற்றை அதைவிட நன்றாக இயக்கும் கேமரா உங்களுக்கு வேண்டியதில்லை. அமெரிக்க அறிமுக விலையை வைத்துப் பார்த்தால் இசட்5-2 ஏறத்தாழ 1,700 டாலர், ஆர்6 மார்க் 3 ஏறத்தாழ 2,800, ஏ7-5 ஏறத்தாழ 2,900. அந்த ஆயிரத்துச் சொச்சம் உங்கள் லென்ஸுக்கான பணத்தில் ஒரு நல்ல பகுதி. இசட்5-2-இல் கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் ஃபோகஸ் சட்டகத்தின் ஓரம் வரை வேலை செய்கிறது. நீங்கள் முதலில் சொன்ன ஜிமிக்கித் தொல்லை அதோடு தீர்ந்தது. இரண்டு எஸ்டி அட்டைகளும் ஏற்கெனவே உங்களிடம் இருப்பவைதாம். மற்ற மூன்று கேமராக்களிலும் முழு வேகம் வேண்டுமென்றால் இன்னும் வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் நினைவக அட்டைக்குத் தனியாக வெள்ளி எண்ண வேண்டும்.

ஒளிக்கீற்று சொன்ன பட்டைக் கணக்கு சரியானது. இசட்5-2 மந்தமாகப் படிக்கும் கேமராதான். எலக்ட்ரானிக் ஷட்டரில் அந்த ஐந்து பட்டைகளும் அதில் விழும். ஆனால் கல்யாணத்தில் சத்தமில்லாத ஷட்டர் யாருக்கு வேண்டும்? தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது; உங்கள் ஷட்டர் சத்தம் பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளைத் தோழனுக்கே கேட்காது. ஃப்ளாஷ் போட்டால் எப்படியும் மெக்கானிக்கல் ஷட்டர்தான். அரங்கேற்றத்துக்கு மட்டும் வேறு வழி யோசியுங்கள். கண்ணாடி எழும்பி விழும் ஓசை இல்லாததால் இசட்5-2-இன் மெக்கானிக்கல் ஷட்டரே டி750-ஐவிட மென்மையாகத்தான் ஒலிக்கும்.

தைப்பூசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு. கண்ணாடியில்லாக் கேமராவில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் வாசலிலேயே இருக்கிறது. பெருமாள் கோவில் வாசலில் காவடி கட்டும் இடத்தில் திருநீறு காற்றில் மிதந்துகொண்டே இருக்கும், பால் சிந்தும், மேலே கூடாரத்திலிருந்து மழைநீர் சொட்டும். அங்கே நின்றுகொண்டு லென்ஸ் மாற்றினால், வீட்டுக்கு வந்து எஃப் 11-இல் வானத்தை எடுத்துப் பார்க்கும்போது ஒவ்வொரு திருநீற்றுப் பொடியும் கரும்புள்ளியாகத் தெரியும். இரண்டு கேமரா, இரண்டு லென்ஸ், ஊர்வலம் டேங்க் ரோடு கோவிலுக்குப் போய்ச் சேரும் வரை கழற்றுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டி750-ஐ வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கியவுடன் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். பை மூடியபடியே வெளிச்சூட்டுக்குப் பழகட்டும். இல்லாவிட்டால் முன்கண்ணாடி வேர்த்துப் போய், துடைக்கத் துடைக்க மறுபடி மூடும்.

வாங்கும்போது 'லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா' என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெளிநாட்டுச் சந்தைக்கான எக்ஸ்போர்ட் செட் சில நூறு வெள்ளி குறைவாக இருக்கலாம். உத்தரவாதத்தைக் கடைக்காரர்தான் தருவார், நிறுவனத்தின் இங்குள்ள சேவை நிலையம் தராது. வார இறுதிதோறும் கூலிக்கு எடுப்பவர் அந்தச் சில நூறு வெள்ளிக்கு ஆசைப்படக் கூடாது என்பது என் கட்சி. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி தப்பாது. ஏ7-5 வேண்டும் என்றே பிடிவாதமாக இருந்தால், வந்த சூட்டில் முழு விலைக்கு வாங்காதீர்கள்.

—

ஒளிக்கீற்று எழுதியது:

ஐயா சொல்லும் சுமைக் கணக்குக்கு மறுப்பில்லை. இணைப்பி வேண்டாம் என்பதையும் ஏற்கிறேன்.

ஆனால் அரங்கேற்றத்தை ஓரமாக ஒதுக்கிவிட முடியாது. பதம், அஷ்டபதி ஆடும்போது வயலினும் குரலும் மட்டும் தாழ்ந்து ஒலிக்கும். அபிநயத்தில் கண் ஒரு பக்கம் போய் நிற்கும் அந்த அரை நொடியில் மென்மையான 'கிளிக்'கூட மூன்றாம் வரிசைக்குக் கேட்கும். நடனத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. கை வேகமாகச் சுழலும்போது மந்தமான சென்சார் மேல் வரிசையை ஒரு கணத்திலும் கீழ் வரிசையை வேறொரு கணத்திலும் படிப்பதால், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கை வளைந்துபோய்ப் பதிவாகும். அடவு தெரிந்த ஆசிரியர் அந்தப் படத்தைப் பார்த்தால், மாணவி கையை நீட்டவில்லை என்றே நினைப்பார். இசட்6-3-இல் இது மிகவும் குறைவு.

ஆண்டில் அரங்கேற்ற வேலை பாதிக்கு மேல் என்றால் இசட்6-3, கல்யாணமே பெரும்பாலும் என்றால் இசட்5-2 என்று பிரித்துக்கொள்ளலாம். ஆர்6 மார்க் 3-உம் ஏ7-5-உம் அருமையான கேமராக்கள். புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் ஏ7-5-ஐத்தான் சொல்லியிருப்பேன். உங்களிடம் டி750-உம் 70-200-உம் உழைக்கும் நிலையில் இருக்கும்போது, இரண்டு நிறுவனப் பாடிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவசரத்தில் திணற வேண்டாம்.

—

தெம்பனிஸ் நிழல் எழுதியது:

என் வேலையில் கல்யாணமே அதிகம். அரங்கேற்றங்கள் பள்ளி விடுமுறையை ஒட்டி மட்டும் வரும். அந்த நாள்களுக்கு இசட்6-3-ஐ வாடகைக்கு எடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. புதிய 24-70 இரண்டிலும் பொருந்துமே.

வாங்குவதற்கு முன் மண்டபத்தில் இசட்5-2-ஐ எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று யாராவது சொல்ல முடியுமா?

—

ஒளிக்கீற்று எழுதியது:

வாடகை நல்ல யோசனை. இசட்5-2-ஐயும் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் மண்டபத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். விளக்குகளை முழுதாகப் போடச் சொல்லி, வெள்ளைச் சுவரைப் பார்த்து எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/500, 1/200, 1/100, 1/50 என்று வரிசையாக எடுங்கள். 1/100-இலும் 1/50-இலும் பட்டை மறைந்தால் அது மின்சாரத் துடிப்பு. மெக்கானிக்கல் ஷட்டரோடு துடிப்பைக் குறைக்கும் அமைப்பைப் போட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அந்த இரண்டு வேகத்திலும் பட்டை மறையாவிட்டால், விளக்கின் பிரகாசத்தைக் குறைக்கும் மங்கல் கருவி வேறு வேகத்தில் துடிக்கலாம். மண்டபக்காரரிடம் சொல்லி விளக்கை முழுப் பிரகாசத்தில் வைக்கச் சொல்லுங்கள், பல விளக்குகளில் அதுவே போதும். இதே வரிசையை மெக்கானிக்கல் ஷட்டரிலும் எடுத்து, இரண்டையும் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் பின்திரையில் மெல்லிய பட்டை தெரியாது.